‘மூவ் ஆன்’ என்னும் பிரயோகம்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லின் பின்னே சிறு சொல்லொன்றைச் சேர்த்து, இரண்டிலும் தனித்தனியே காணப்படாத புதுப்பொருளை விளைவித்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழமையானது. அகராதி ஆசிரியரான ஹென்றி பிராட்லி சொல்லிய பெயரென்று குறிப்பிட்டு, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் தம் நூலில் இவற்றை ‘பிரேசல் வெர்ப்’ என்று வழங்கினார். இவ்வகைச் சொற்களுள், தனிவாழ்விலும் ராஜ்ய விவகாரங்களிலும் ஒருங்கே இன்று அதிகாரம் செலுத்தி வருவது, நடந்ததை விட்டு அடுத்ததற்குச் செல்லுதல் என்று பொருள்படும் ‘மூவ் ஆன்’ என்பது.

இதன் குணங்களை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். சபையிலே முடிவு காணாத விவாதம் நீண்டுகொண்டே போகையில், எக்கட்சிக்கும் தோல்வி என்று சொல்லாமல் தலைவர் அடுத்த விஷயத்துக்குச் செல்ல இது இடம் தருகிறது. துக்கத்தில் ஆழ்ந்தவர்களுக்கோ இது இன்னும் நுட்பமான உதவி செய்கிறது. காதல் முறிந்த இளைஞன் ஒருவன், நம் ஊரிலும் இப்போது சொல்லுகிறார்களே, அதுபோல ‘மூவ் ஆன் ஆயிட்டேன்’ என்று சொல்லும்போது, மறந்துவிட்டேன் என்ற பொய்யையோ மன்னித்துவிட்டேன் என்ற பெருமையையோ அவன் மேற்கொள்ளுவதில்லை. காயம் இருக்க, கால் நடக்கிறது என்ற அளவோடு நின்றுவிடுகிறான். இத்தனை அடக்கமான சொல் எந்தப் பாஷையிலும் எளிதில் கிடைப்பதன்று.

ஆனால் தன்னைப் பற்றி ஒருவன் சொல்லிக்கொள்ளும் வரையில்தான் இச்சொல்லுக்கு இந்த அடக்கம் உண்டு. பிறனை நோக்கி ஏவலாக வந்துவிட்டால் இதன் சுபாவமே மாறிவிடுகிறது. லண்டன் போலீஸ்காரர்கள் தெருவில் நிற்கும் ஏழைகளை விரட்டிய உத்தரவும் இதே சொல்தான். 1852-53-ல் வெளிவந்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் டிக்கன்ஸ் ஓர் அத்தியாயத்துக்கே இதைத் தலைப்பாக்கியிருக்கிறார். தெருக் கூட்டிப் பிழைக்கும் ஜோ என்ற அநாதைச் சிறுவனை நகரச் சொல்லும் காவலரிடம், எங்கே போவது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை சொல்லுவது தம் உத்தரவில் அடங்கியதன்று என்கிறார் அவர். இந்தச் சொல்லின் பெருங்குறை அந்த ஒரு காட்சியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது: விடவேண்டிய இடத்தை இது சுட்டுகிறது, சேரவேண்டிய இடத்தைப் பற்றி இதற்குக் கவலையில்லை.

ராஜ்ய விவகாரங்களில் இதை நேர்மையாகக் கையாண்டவர்களும் உண்டு. 1998-ல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் மீது பதவிநீக்க முயற்சி மூண்டபோது, ஜோன் பிளேட்ஸ், வெஸ் பாய்ட் என்னும் தம்பதிகள் ஒரு மகஜர் தயாரித்தனர். பின்னர் ‘மூவ் ஆன்’ என்றே பெயர் பெற்ற இயக்கம் அதிலிருந்து பிறந்தது. அம்மகஜர் ஜனாதிபதியைக் கண்டித்துவிட்டு, அதன் பிறகு நாட்டின் அவசர காரியங்களுக்குச் செல்லும்படி கேட்டது. கண்டனம் முன்னே, நகர்தல் பின்னே என்ற அந்த வரிசைதான் அதன் நியாயம். 1974 செப்டம்பரில், பதவி விலகிய ஜனாதிபதி நிக்ஸனுக்கு, விசாரணைக்கு முன்பே, அவருக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஃபோர்டு முழுமன்னிப்பு வழங்கியபோது வரிசை தலைகீழாயிற்று. நாட்டின் நிம்மதி கருதியே செய்ததாக அவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் தீர்ப்பைக் கேட்கும் உரிமையை ஜனங்கள் இழந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

நகர மறுத்தவர்களின் கதையையும் இங்கே எடைபோட வேண்டும். 1989 ஏப்ரல் 15-ம் தேதி ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கால்பந்தாட்டம் காண வந்த லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கி மாண்டனர். 1991-ல் விசாரணை மன்றம் அதை விபத்து என்று முடித்தது. பழி ரசிகர்கள் மீதே சுமத்தப்பட்டிருந்தது. பழையதையே பிடித்துக்கொண்டு அழுகிறார்கள் என்று லிவர்பூல் மக்களைப் பத்திரிகைகளில் பரிகசித்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பரிகாசத்துக்கு அஞ்சாமல், தங்கள் ஆயுளின் பெரும்பகுதியை அந்த ஒரே வழக்கில் செலவிட்டார்கள். அந்த விடாப்பிடி அவர்களுக்கு விளைத்த துன்பத்தைக் குறைத்துச் சொல்லுவது தவறு, சிலர் முடிவைக் காணாமலே காலமானார்கள். 2012-ல் சுயேச்சைக் குழுவொன்று ஆவணங்களை வெளிப்படுத்தியது. பழைய தீர்ப்பு அவ்வாண்டே ரத்தாயிற்று. 2016 ஏப்ரல் 26-ம் தேதி, 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும் ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள்.