சைக்கிளும் வாழ்க்கை லட்சியமும்

வாழ்க்கையின் நோக்கம் யாது என்று போதிக்கும் நூல்கள் இக்காலத்தில் மலிந்துவிட்டன. ஆங்கிலத்தில் உள்ளவை போதாவென்று அவற்றின் தமிழாக்கங்களும் வந்து குவிகின்றன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வேலை தேடி அலையும் வாலிபர்களும், தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதும் என் போன்ற கிராணிமார்களும் அவற்றை வாங்கிப் படிக்கின்றோம். இந்நூல்கள் சொல்வது என்ன? நமக்கு அது போதுமா? இவ்விரண்டையும் சிறிது ஆராய்வோம்.

இவற்றிற் பெரும்பாலானவை ஒரே ராகத்தையே பாடுகின்றன. உன் லட்சியம் உன் உள்ளத்தினுள்ளே ஒளிந்து கிடக்கிறது. தனித்திருந்து அதைத் தேடிக் கண்டுகொள். கண்டபின் உலகம் உனக்கு வழிவிடும் என்பதே அந்த ராகம். இதற்குச் சாட்சியாக வியன்னா நகரத்து வைத்தியர் விக்டர் பிராங்கலை அழைப்பதும் உண்டு. அவர் 1942 முதல் 1945 வரை நாஜிகளின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்து, 1946-இல் அவ்வனுபவத்தை நூலாக்கியவர். ஆயின் அவர் கொள்கையோ வேறு. வாழ்வின் பொருளை மனிதன் தன் மனத்துக்குள் துழாவுவதால் பெறமாட்டான். தான் ஆற்றவேண்டிய பணியிலும், தான் அன்பு செலுத்தும் மனிதரிடத்தும், தவிர்க்கவொண்ணாத துன்பத்தைத் தாங்கும் முறையிலுமே காண்பான் என்பது அவர் துணிபு. சாட்சியின் வாக்குமூலத்தில் பாதியை மறைத்து வழக்காடுவது நியாயமாகுமா?

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது நம்மவரின் பழைய தலைவிதிப் பிரசங்கம். ஊழ் என்று 38-ஆம் அதிகாரத்தை வகுத்த வள்ளுவரே, ஆள்வினையுடைமை என்று 62-ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். முன்னதை மட்டும் ஓதிப் பின்னதை மறப்பவர்கள் குறளைப் பாதியே படித்தவர்கள். கூர்ந்து நோக்கின், புதிய போதகர்க்கும் பழைய பிரசங்கிக்கும் பெரிய பேதமில்லை. ஒருவர் மனிதனை அவன் மனத்தோடு தனியே விடுகிறார். மற்றவர் அவனை விதியோடு தனியே விடுகிறார். பக்கத்து வீட்டுக்காரன் இருவர் கண்ணிலும் படுவதில்லை.

அப்படியாயின் லட்சியம் எங்கிருந்து பிறக்கிறது? விடை நம் சிலாங்கூரிலேயே இருக்கிறது. அது காவியமுமன்று, நாவலுமன்று. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலம் அவர்களைத் திரட்டினர். ஓர் இலக்கியத்தைப் படிப்பது போல் அப்பட்டியலை நாம் படித்துப் பார்க்கவேண்டும்.

சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்றார்கள், அதில் வியப்பில்லை. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், பெண்களின் மானத்துக்குப் பங்கம் விளைப்பது ஒழியவேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்ற கோரிக்கை என்னை நிறுத்திச் சிந்திக்கச் செய்கிறது. குடித்தவர்கள் யார்? தொழிலாளர்களே. தன் பலவீனத்துக்குத் தானே தடை கேட்பவன், முதலாளியிடம் மட்டுமன்றித் தன்னிடமும் கோரிக்கை வைக்கிறான். லட்சியம் என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணத்தை நான் எந்நூலிலும் கண்டதில்லை.

இன்னொன்று சைக்கிள். துரையோ, உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்பது அக்கால வழக்கம். இனி இறங்கமாட்டோம் என்றார்கள். இதனால் ஒரு காசு கூலி உயராது, எனினும் கேட்டார்கள். தான் அனுபவிக்கும் சிறுமை மழை வெயில்போல் இயற்கையானதன்று, மனிதர் ஏற்படுத்தியது, ஆகவே மனிதர் நீக்கக்கூடியது என்று பலர் கூடி உணர்ந்த கணத்தில்தான் அவர்களுக்கு நோக்கம் பிறந்தது.

அதன் பலன் என்ன என்று சிலர் கேட்பர். மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, ராணுவம் வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். வெற்றியே அளவுகோலாயின் கிள்ளான் பட்டியல் தோற்ற பட்டியல்தான். ஆயினும் போதக நூல்கள் வெற்றியையும் நோக்கத்தையும் ஒன்றாகக் குழப்புவது பெரும்பிழை. தோற்றவர்களின் வாழ்வு பொருளற்றதாகப் போய்விடவில்லை.

நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் நம்மவர் பட்ட துன்பத்துக்குச் சாட்சி கூறுகின்றன, அப்பணி மகத்தானது. ஆனால் தோட்டத்துக் கதையென்றாலே கண்ணீரில் தொடங்கிக் கண்ணீரில் முடியவேண்டும் என்ற நியதி எதற்கு? இறங்கமாட்டேன் என்றவனின் மனம் எவ்வாறு அந்த முடிவுக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக, ஆங்கிலம் கற்ற கிராணி அன்பர்களே! அப்பட்டியலில் நம் உத்தியோகமும் வருகிறது. எவர் முன்னே இறங்க மறுத்தார்களோ அவர்களிடையே நாமும் இருந்தோம். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நம் காரியாலய ஜன்னலண்டை சம்பளச் சீட்டுடன் நிற்கின்றனர். எதற்காகப் பணம் பிடிக்கப்பட்டது என்று கேட்பவனை உட்காரவைத்து, அவனுக்குப் புரியும்படி கணக்கை விளக்குங்கள். கணக்கில் அநியாயம் இருந்தால் துரையிடம் சொல்லுங்கள். வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடுவோர்க்கு இவ்வேலை நாளைக் காலையிலேயே காத்திருக்கிறது.