வாங்கிய படமும் எழுதிய குரலும்: சுட்டி டி.வி.யின் அமெரிக்கத் தொடர்களைத் திண்டுக்கல்லிலிருந்து வாசித்தல்

அயல்நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வரவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கின. 1974இல் யுனெஸ்கோவுக்காக நார்டென்ஸ்ட்ரெங், வாரிஸ் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு, நிகழ்ச்சிகள் ஒருவழிப் பாதையில் செல்வதைக் கணக்கிட்டுக் காட்டியது. 1988இல் ஹாஸ்கின்ஸும் மிரஸும் 'பண்பாட்டுத் தள்ளுபடி' என்னும் கருத்தை முன்வைத்தனர். எல்லை கடக்கும் நிகழ்ச்சி, அதன் நடையும் விழுமியங்களும் அயலாருக்கு முழுதும் விளங்காமையால் மதிப்பிழக்கும். ஆயினும் செலவைப் பெரிய உள்நாட்டுச் சந்தையிலேயே ஈட்டிவிடும் அமெரிக்கத் தயாரிப்புகள் வெளியே மலிவாக விற்கப்படும். பார்வையாளர் தமக்கு நெருங்கிய பண்பாட்டையே நாடுவர் என்றார் ஸ்ட்ராபார் (1991). மூன்று நோக்குகளும் நிகழ்ச்சியை முடிந்துபோன சரக்காகவே கொள்கின்றன. பிரிட்டனைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை வாங்கிய சேனல் 4, 1995இல் அதை ஒளிபரப்பியபோது உரையாடலை வேறு மொழிக்கு மாற்ற வேண்டியிருக்கவில்லை. தமிழ் அலைவரிசை வாங்குவது படத்தை மட்டுமே. உரையாடலை மீண்டும் எழுதியாக வேண்டும். தள்ளுபடி கூடுமா குறையுமா என்பது அந்த இரண்டாம் எழுத்தில்தான் தீர்மானமாகிறது.

இதனைச் சோதிக்க ஏற்ற களம் சன் குழுமத்தின் சுட்டி டி.வி. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டித் திட்டம் தொடங்கிற்று. 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. வந்தது. கொடைக்கானல் மலைமேல் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தின் அலைகளை நம்பியிருந்த திண்டுக்கல் சமவெளியில் கேபிள் இணைப்பு ஏற்கனவே பரவிக்கொண்டிருந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பளித்தபோது பூட்டுத் தொழிலாளர், தோல் பதனிடுவோர், வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளர் ஆகியோரின் வீடுகளுக்கும் பல அலைவரிசைகள் எட்டும் செலவில் அமைந்தன. அமெரிக்க நகைச்சுவை இத்தகைய வீடுகளுக்குள் நுழைந்தது பெரியவர்களுக்கான தொடர்களின் வழியாக அன்று. குழந்தைகளுக்கான அசைபடங்களின் வழியாகவே.

'ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்' (2000-2005) இவற்றுள் முதன்மையானது. சான்ஃபிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை நடத்தும் முதியவருக்கு மூலத்தில் இயற்பெயரே கிடையாது. எல்லாருக்கும் அவர் 'அங்கிள்'. அவர்வழிப் பிறக்கும் சிரிப்பில் ஒரு பகுதி அவரது சீன உச்சரிப்பையும் உடைந்த ஆங்கில இலக்கணத்தையும் சார்ந்தது. குடியேறியவரின் நாவைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு அது. தமிழ்க் காதுக்கு அந்த உச்சரிப்பின் சமூகப் பொருள் எட்டாது. ஆகவே சிரிப்பு இடம்பெயர்கிறது: சலிக்காமல் திட்டும் வீட்டுப் பெரியவர் முன்னுக்கு வருகிறார். இந்த மாந்தரைத் தமிழ் நாடகமும் திரையும் நெடுங்காலமாக அறியும். திரைநகைச்சுவைக்குரிய பேச்சுவழக்கில் உரையாடல் அமைந்தது இந்த இடப்பெயர்ச்சிக்கு உதவிற்று. மூலத்திலிருந்த இனக்கேலி தேய்ந்ததை இழப்பு என்று கொள்ள வேண்டியதில்லை.

சிறு தெரிவுகளும் இங்கே பொருள் தருபவை. ஆங்கிலத்தின் ஒரே 'யூ' தமிழில் நீ, நீங்க எனப் பிரியும். சிறுமி ஜேட் யாரை எப்படி விளிக்கிறாள் என்பதை எழுதுபவர் ஒவ்வொரு காட்சியிலும் முடிவுசெய்ய வேண்டும். 'அங்கிள்' பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? ஒன்றைத் தேர்ந்தால் மூலத்தில் இல்லாத உறவுமுறை பிறக்கும். ஆங்கிலச் சொல்லையே வைத்தால் வீட்டுப் பெரியவர் வெளியாளாகிவிடுவார். இம்முடிவுகளை எடுத்தவர்களின் பெயர்கள் பார்வையாளர் நினைவில் இல்லை. மொழிபெயர்ப்பு நாவலின் மொழிபெயர்ப்பாளரை மதிப்பிடும் திறனாய்வு, ஒரு தலைமுறையே செவிவழிக் கேட்ட உரையாடலின் ஆசிரியரைத் தேடாதது வியப்பே.

'டோரா தி எக்ஸ்ப்ளோரர்' வேறு விளைவைக் காட்டுகிறது. தமிழில் அது 'டோராவின் பயணங்கள்'. குரங்கு 'பூட்ஸ்' இங்கே புஜ்ஜி ஆனது. திருட வரும் 'ஸ்வைப்பர்' குள்ளநரி ஆனது. இரண்டும் நல்ல தெரிவுகள். தெலுங்கிலும் கொஞ்சுமொழியாக வழங்கும் 'புஜ்ஜி', காலணியின் பெயரால் வரமுடியாத நெருக்கத்தைத் தந்தது. 'டோரா புஜ்ஜி' என்னும் இணைப்பெயர் தொடரை விட்டு வெளியேறி அன்றாடக் கேலிப்பேச்சில் புழங்குவதே அதற்குச் சான்று. ஆனால் தொடரின் அடித்தளம் பெயர்களில் இல்லை, இருமொழியத்தில் இருக்கிறது. அமெரிக்க மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசிக்கொண்டே ஸ்பானியச் சொற்களைக் கற்பிக்கிறாள். பள்ளியும் சந்தையும் ஆளும் மொழியில் வளரும் குழந்தை, அண்டை வீட்டாரின் மொழியைச் சொல்லிப் பார்க்கிறது. தமிழ் வடிவில் டோரா தமிழ் பேசி ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கிறாள். ஸ்பானியத்தின் இடத்தில் ஆங்கிலம் அமர்ந்ததும் திசை தலைகீழாகிறது. சிறுபான்மையர் மொழியை மதிக்கக் கற்றுத்தந்த விளையாட்டு, ஆங்கிலவழிப் பள்ளிக்கு முன்னுரையாகச் சுருங்குகிறது. பிற நாடுகளின் மொழிமாற்றங்களிலும் இம்முறை பரவலாகக் காணப்படுவதால் தமிழ் அலைவரிசையை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. பெற்றோர் விரும்புவது எது என்று கணித்தே அது வாங்கவும் விற்கவும் செய்கிறது.

எனினும் திண்டுக்கல்லில் வைத்துப் பார்க்கையில் இம்மாற்றத்தின் விலை தெளிவாகிறது. நாகல்நகரில் நெசவுமரபினரான சௌராட்டிரர் வீட்டில் பேசும் மொழி சௌராட்டிரம். பேகம்பூர்ப் பகுதியில் உருது ஒலிக்கிறது. சமவெளி ஊர்களில் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. மூலத்தில் ஸ்பானியம் வகித்த இடத்துக்கு இவ்வூரில் உண்மையில் உரியவை இம்மொழிகளே. தமிழ் பேசும் டோரா அந்தத் தெருவில் நின்று இரண்டு சௌராட்டிரச் சொற்களைக் கேட்டிருந்தால், மூலத்தின் கருத்து சிதையாமல் தமிழுக்கு வந்திருக்கும். மாநிலம் முழுதும் விற்க வேண்டிய அலைவரிசைக்கு அது இயலாத காரியம் என்பது உண்மை. ஆனால் அந்த இயலாமையைப் 'பண்பாட்டுத் தள்ளுபடி' என்று அமெரிக்கப் பொருளின் கணக்கில் எழுதுவது பிழை. அது மாநிலத்துக்கு ஒரே தமிழ் என்று வகுத்துக்கொண்ட உள்நாட்டுச் சந்தையின் கணக்கில் வரவேண்டியது. நாகல்நகர்க் குழந்தைக்குத் திரையில் ஒலித்த தமிழே இரண்டாம் மொழி. டோரா அதனிடம் சொல்லச் சொல்லிக் காத்திருந்த ஆங்கிலச் சொல் மூன்றாவது.