பாட்டு முதலில், பொருள் பிறகு

வைணவ மரபில் திவ்யப் பிரபந்தம் கற்கத் தொடங்கும் சிறுவனுக்குச் செவிதான் ஏடு. ஆசான் ஒரு தொடரை ஒரு முறை சொல்வார். சிறுவன் அதை இரு முறை திருப்பிச் சொல்வான். இதைச் ‘சந்தை சொல்லுதல்’ என்பார்கள். அடியை நிறுத்தும் இடம் மூச்சுக்கு ஒத்துவந்தால் போதும். பொருளை அப்போது யாரும் விளக்குவதில்லை. வளர்ந்தபின் ஆசாரியரிடம் காலட்சேபம் கேட்கும்போதுதான் வியாக்கியானம் வந்து சேரும். மணவாள மாமுனிகளின் சீடர் பொன்னடிக்கால் ஜீயரை முதல் ஜீயராகக் கொண்ட வானமாமலை மடம் இருக்கும் நாங்குநேரிக்கு இது பழகிய முறை. ஓர் இலக்கியத்தோடு ஆயுள் முழுதும் வாழ இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதே சமயம், இதன் குறைகளும் சிறியவை அல்ல.

இந்த ஊர்ப் பெருமாள்மீது நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். தவம் செய்தவனில்லை, நுட்பமான அறிவும் இல்லை, ஆனாலும் உன்னைப் பிரிந்து ஒரு கணமும் இருக்க முடியவில்லை என்று முறையிடுகிறது முதல் பாட்டு. எட்டு வயதுப் பையனுக்கு அதில் எதுகையும் மோனையும்தான் இனிக்கும். அவனுக்கு அது போதும். நாற்பதில், செய்யாமல் விட்டவற்றின் கணக்கு மனத்தை உறுத்தும் காலத்தில், அதே அடி வேறொன்றாகக் கேட்கும். எழுபதில் அறிவின் குறை பெரிய துயரமாக இராது. பிரிவுதான் முன்னே வந்து நிற்கும். பாட்டு முன்பே மனத்தில் குடியிருப்பதால்தான் இது நடக்கிறது. நாற்பதில் புத்தகம் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்?

நம் பள்ளிகளிலும் மனப்பாடப் பகுதி இருக்கிறது. ஆனால் அது மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. பாட்டைத் திரும்பச் சொல்ல ஒரு நாளும் இல்லை, கூட்டமும் இல்லை. கோயிலில் மார்கழி வந்தால் இராப்பத்தில் திருவாய்மொழியைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டுதோறும் திரும்பி வரும் அந்தக் கட்டாயம்தான் சந்தை முறையின் உயிர்.

நெல்லையில் இதற்கு மாறான ஒரு வழியையும் பார்த்தோம். ரசிகமணி டி.கே.சி. வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டியில் உரை இரண்டாம்பட்சம். பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லி, அதன் பாவம் எழும்வரை காத்திருப்பார்கள். கம்பனைப் புலவர்களின் பிடியிலிருந்து மீட்டுச் சாதாரண ரசிகனிடம் கொடுத்தது அந்தக் கூட்டம். அந்தக் கடன் பெரிது. ஆனால் தமக்குச் சுவைக்காத பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார். அங்கேதான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு வயதில் ருசிக்காத பாட்டு இன்னொரு வயதில் ருசிக்கலாம். இன்றைய ரசனையால் அதை வெட்டிவிட்டால், நாளை அதற்குப் பக்குவப்படும்போது பாட்டு இராது. சந்தை சொன்னவன் பிடித்தது பிடிக்காதது பார்க்காமல் திருவாய்மொழியின் 1102 பாட்டையும் சேர்த்து வைக்கிறான். அந்தப் பொறுமை அவனை ஒருநாள் காப்பாற்றும்.

இனி குறைகள். வியாக்கியானம் வாசகனின் சொந்தப் பொருளை அடைத்துவிடக்கூடும். நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய திருவாய்மொழி வியாக்கியானமான ஈடு, பேச்சும் கதையும் கலந்த அருமையான ரசனை நூல்தான். என்றாலும் அதுவே கடைசி வார்த்தை என்றாகும்போது, கேட்பவரின் நாற்பதாண்டு அனுபவத்துக்கு அங்கே இடமில்லை. இதைவிடப் பெரிய குறை, யாருக்கு அந்தப் பாட்டு கிடைத்தது என்பது. கோயில் கோஷ்டியில் நின்று சொன்னவர்கள் பெரும்பாலும் பிராமண ஆண்கள். வேளாளர் குலத்தவர் என்று மரபே சொல்லும் நம்மாழ்வாரின் பாட்டுக்கே இந்த நிலை.

இந்த நாங்குநேரியில் 1917-இல் பிறந்து, அந்தப் பெருமாளின் பெயரையே தாங்கிய நா. வானமாமலை, மடத்துக்கு வெளியே இருந்த பாட்டுகளைத் தேடிப் போனார். 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். அவர் பதிப்பித்த கதைப்பாடல்களில் ஒன்று முத்துப்பட்டன் கதை. அண்ணன்மாரை விட்டு வந்த பிராமணன், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் இன்று பட்டவராயன்.

கொடை விழாவில் வில்லடித்துப் பாடும் இந்தக் கதையையும் பிள்ளைகள் பொருள் புரியாமல்தான் முதலில் கேட்கிறார்கள், பாதியில் தூங்கியும் போகிறார்கள். அடுத்த கொடையில் கொஞ்சம் புரிகிறது. கல்யாண வயதில் காதல் புரிகிறது. பிறகொரு நாள் சாதி புரிகிறது. ஆசானும் வியாக்கியானமும் இல்லாமலே சந்தையின் பயன் இங்கே கிட்டுகிறது, அதுவும் ஊரில் பலருக்கு. நா.வா. அச்சில் ஏற்றியிராவிட்டால் இது இலக்கியம் என்பதைப் படித்தவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்களா?

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனப்பாடப் பகுதியை எடுத்துவிடாதீர்கள். திருவாய்மொழிக்குப் பக்கத்தில் முத்துப்பட்டன் கதைக்கும் நாலு அடி இடம் கொடுங்கள். அவற்றைத் தேர்வுக்குப் பிறகும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல, ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.