கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றூரார் இவ்வூரின் பெயரைத் தம் சரக்கிற்குச் சூட்டாதபடி சட்டம் இனிக் காக்கும். நல்லதே. ஆனால், ஒரு கலை ஒரு மண்ணைச் சேர்ந்தது என்பதற்குச் சான்று எது? பெயரா, கையா, மரமா? இவ்வினாவை எழுப்பாது இச்சிற்பங்களைப் போற்றுவோர் பாதியையே போற்றுகின்றனர் என்பது என் துணிபு.

பெரும்பாலும் தெய்வ உருவங்கள்தாமே என்று நம்மவர் பலர் இவற்றைப் பாராமலே கடந்துவிடுகின்றனர். அவ்வுருவங்கள் நம் இல்லங்களுக்கு உரியனவல்ல, அது வேறு. உளியின் திறத்தை மதிக்க அது தடையாகாது. பள்ளிவாசல் மிம்பரும் திருக்குர்ஆனைத் தாங்கும் ரிஹாலும் தச்சர் கையினின்று வந்தவையே அல்லவா?

வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் இச்சிற்பிகள் செதுக்குவர். வாகையின் வைரம் கருமை கலந்த பழுப்பு, வெளிமரம் வெளிறியது. உளி செல்லும் திசையை மரத்தின் இழையே வகுக்கிறது. எதிர்த்துச் செலுத்தினால் பிய்ந்துவிடும். ஈரம் உலராத கட்டையோ பின்னாளில் வெடித்து, செதுக்கிய முகத்தையே பிளந்துவிடும். எனவே வேலையின் பாதி மரத்தினுடையது. ஆயினும் கடைகளில் காணும் உருவங்கள் பலவற்றின்மீது பளபளக்கும் பூச்சைக் கனமாய் அப்பியிருக்கின்றனர். அடியிலிருப்பது வாகையா வேம்பா என்று அறிய வழியில்லை. மரம் தெரியாத மரச்சிற்பத்தைக் குறையுடையதென்றே சொல்வேன்.

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்களை இங்கு நினைக்கிறேன். பிர்ச் மரப்பட்டையால் அவர்கள் ஓடமும் பெட்டியும் காட்டரிசி புடைக்கும் முறமும் செய்வர். சுருள்களில் சமயக் குறிகளைக் கீறி வைப்பர். (இமயச் சாரலில் எழுதப் பயன்பட்ட பூர்ஜமும் இம்மர இனமே.) கோடைத் தொடக்கத்தில் பட்டை எளிதில் கழலும். உட்பட்டைக்கு ஊறின்றி உரித்தால் மரம் பிழைக்கும். உரிக்குமுன் புகையிலை வைத்து நன்றி கூறுவது அவர்கள் வழக்கம். அச்சடங்கு நமக்குரியதன்று, மரத்தின் பருவம் அறியாதவனுக்கு அங்கே கலையே கைகூடாது என்பதுதான் நாம் கருதத்தக்கது. அரபியில் ‘வரக்’ என்னும் சொல் இலையையும் எழுதும் தாளையும் ஒருங்கே குறிக்கும். நம் ‘தாள்’ என்பதும் பயிரின் தண்டன்றோ!

கள்ளக்குறிச்சியைக் கடந்தோடும் கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறக்கிறது. அம்மலையின் காடுகளோடு தலைமுறைகளாய்ப் பழகியவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (பெயரைக் கண்டு கேரளத்தார் என எண்ணற்க.) 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின்மீது உரிமை தந்தது, வெட்டுமரம் அவற்றுள் அடங்காது. காடு காக்கப்பட வேண்டுமாதலின் அவ்வரம்பைக் குறைகூற மாட்டேன். சிற்பியின் கட்டை வேற்றூர் மரக்கடையினின்று வந்தாலும் இழுக்கில்லை. அதை மறைத்துவிட்டு மண்ணின் பெருமை பேசுவதே இழுக்கு. குறியீட்டுச் சீட்டின் அருகே மரத்தின் பெயரையும் அது நின்ற இடத்தையும் எழுதினால் என்ன?

வீட்டுக்குக் கதவு செய்யச் சொல்லும்போது, விலை கேட்குமுன், “இது எம்மரம், எங்கே நின்றது?” என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி தடையின்றி வரும் பட்டறையில் பூச்சும் குறைவாகவே இருக்கக் காண்பீர்கள்.