பலகையும் பள்ளியும்

நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கையை ஒரு பிரதியாகவே படித்தேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்கள் வெட்டியதை அடுத்துப் பிறந்தது அது. பள்ளிப் பெயர்களிலிருந்து ‘ஆதிதிராவிடர் நலம்’, ‘கள்ளர் சீரமைப்பு’ போன்ற அடைமொழிகளை நீக்கச் சொல்கிறது. அப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கவும் சொல்கிறது. இணைப்பை 2023 பட்ஜெட்டே அறிவித்திருந்தது.

இவை இரு வேறு காரியங்கள். எழுத்தாளர்களுக்கு முதலாவது உடனே பிடித்துப்போகும். சொல்லை நீக்கினால் பொருளும் நீங்கும் என்பது நம் தொழில் வியாதி. பலகை ஒரு படிமம். பள்ளி ஒரு சொத்து.

நல்லம்பள்ளியில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். இம்மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்றும் எரிக்கப்பட்டன. ‘காலனி’ என்ற சொல் அவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருந்தது. அச்சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் தீக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் வழக்கமில்லை.

ஊர்ப் பள்ளிகள் சேரிப் பிள்ளைகளை அண்டவிடாததால்தான் 1920களில் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகள் திறந்தது. இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,000க்கும் மேல். நிலம், கட்டடம், ஆசிரியர் பணியிடம், விடுதி என்று ஒதுக்கலின் நடுவே சேர்ந்த முதல் அது. ஒதுக்கலைக் கண்டிக்கும் அவசரத்தில் முதலையும் கரைத்துவிடலாகாது.

அமெரிக்காவில் அது நடந்தது. 1954 தீர்ப்புக்குப் பின் கறுப்பர் பள்ளிகள் மூடப்பட, ஆயிரக்கணக்கான கறுப்பு ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிரிவினையின் எச்சங்களை மிசிசிப்பி மாநிலம் உயர்கல்வியில் இன்னும் களையவில்லை என்று 1992இல் உச்ச நீதிமன்றம் கண்டது. பின்னர் வந்த உடன்பாடு மூன்று கறுப்பர் பல்கலைக்கழகங்களுக்குச் சுமார் 50 கோடி டாலர் தந்தது. அதில் அறக்கட்டளை நிதி முழுமையாகக் கைக்கு வர, மாணவர்களில் 10 சதவிகிதம் கறுப்பரல்லாதவராக இருக்க வேண்டும் என்றார்கள். ஒதுக்கப்பட்டவனே ஒதுக்கியவனை அழைத்துவர வேண்டுமாம்!

இங்கே இணைப்பு என்றால் யார் யாரிடம் போவது? எனக்குப் படுகிற உரைகல் ஒன்றே: ஊர்ப் பிள்ளை சேரிப் பள்ளிக்கு நடந்து வர வேண்டும். நல்ல ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் முதலில் அங்கே போகட்டும். அதைச் செய்யாமல், சேர்க்கை குறைவு என்று ஒரு பள்ளியைப் பூட்டினால், பெயரோடு பள்ளியும் போயிருக்கும். சாதி தெருவிலேயே இருக்கும்.