மணி அடித்தால் உள்ளே ஓடும் சனங்கள்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தைப் பேரன் ஆடுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். 1999இல் வந்த ஆட்டம். 2016இல் 'ரைஸ் ஆஃப் தி ராஜாஸ்' என்ற சேர்க்கையோடு பர்மியர்கள் அதற்குள் நுழைந்தார்கள். 2022இல் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வழியாக, 'திராவிடர்' என்ற பெயரில், நாமும் போய்ச் சேர்ந்தோம். முன்னதில் பயின்னௌங்கின் போர்கள், பின்னதில் இராஜேந்திர சோழனின் போர்கள். பெகு வந்தபோது, "இதுவா தாத்தா உங்க ஊர்?" என்றான். என் ஊர் அதற்குத் தென்மேற்கே, ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டே. சட்டிபானைக்கும் கால்வாய்க்கும் பேர்போனது.

வரலாற்றை இது எவ்வளவு சரியாகச் சொல்கிறது? பர்மியருக்கென்று தந்திருக்கும் சிறப்புப் படை 'அரம்பை': குதிரைமேல் இருந்து கூரிய அம்பை எறிகிறவர்கள். இது மணிப்பூர்க்காரர்களின் ஆயுதம். 1730களில் கரீப் நிவாஸ் என்ற மணிப்பூர் அரசன் இதே குதிரைகளோடு பர்மாவுக்குள் புகுந்து சூறையாடினான். பிற்பாடு பர்மியர் சிறைப்பிடித்துக் கொண்டுபோன மணிப்பூரிகள்தான் அவர்களுடைய குதிரைப் படையானார்கள். ஆக, பர்மாவின் அடையாளமாக ஆட்டம் காட்டுவது ஊரைவிட்டு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு சனத்தை. ஆட்டத்தைச் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் பங்குக்கு வந்தது 'திரிசடை' என்ற கப்பல். இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கப்பல் வகை எதையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை, பல கலங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதே மெய்க்கீர்த்தி நீரையே காவலாக உடையது என்று ஓர் ஊரைச் சொல்கிறது: மாப்பப்பாளம். அறிஞர் சிலர் அதைக் கீழ்ப் பர்மாவின் கரையில் தேடினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகு பர்மாமீது படை அனுப்பியபோது தமிழ் அதிகாரி ஒருவனின் கப்பல் பப்பாளம் என்ற துறையில் ஒதுங்கியதாகச் சூளவம்சம் சொல்வதுதான் அதற்கு ஆதாரம். சிங்கள மன்னனின் படையில் தமிழ் அதிகாரி! இன்றைக்கு இதை ஆட்டமாக்கினால் இரு தரப்பிலும் சண்டைக்கு வருவார்கள்.

அடுத்தது கடினம். நிலையைக் கூட்டினால் எதிரி விரைவாக வருகிறான், பெரிதாக வருகிறான். அவ்வளவுதான். ஆனால் 1025இல் கடல் கடந்தவனுக்கு முதல் எதிரி காற்று. பருவம் திரும்பும்வரை கப்பல் கரையில் கிடக்க வேண்டும். ஆட்டத்தில் காற்றே இல்லை. கப்பல் எந்தத் திசையிலும் ஒரே வேகத்தில் போகிறது. ஐம்பது பங்கு உணவு கொடுத்தால் இருபத்தைந்து விநாடியில் ஒரு குடியானவன் பிறக்கிறான். அவனுக்கு முன்பணமில்லை, கங்காணி இல்லை, செட்டியாரிடம் கடனில்லை. டெல்டாவின் வயல்களில் நம்மவர் பட்ட பாட்டை அறிந்தவருக்கு இது சிரிப்பைத்தான் தரும்.

இருந்தும் ஓரிடத்தில் நான் திடுக்கிட்டேன். எதிரி நெருங்கினால் ஊர்மணியை அடிக்கலாம். அடித்ததும் காட்டில் விறகு வெட்டுகிறவன், வயலில் நிற்கிறவள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்து கட்டடத்துக்குள் புகுகிறார்கள். நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஊர் விழும்போது அவர்கள் சாகிறார்களே தவிர, தாமாக ஊரைவிட்டுப் போவதில்லை. 1942இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். 1964இல், கடைகள் அரசுடைமையான பிறகு, நாங்களும் கப்பலேறினோம். அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்தாள். ஆட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு உருவமே இல்லை.

பேரனிடம் சொன்னேன். இந்த ஆட்டத்திலேயே நாமாகப் புதுக்களம் அமைக்கும் வசதி உண்டாம். 1942ஐச் செய்து காட்டுகிறேன் என்றான். வழி கேட்டான். தாமு வழியாக மணிப்பூருக்கு என்றேன். மலை வைத்தான், காடு வைத்தான், ஆறு வைத்தான். மழை வைக்க முடியவில்லை. பிறகு, "ஜெயிக்கிறதுக்கு என்ன நிபந்தனை போடட்டும்?" என்றான்.

அப்பா வீட்டிலிருந்து ஒன்பது பேர் புறப்பட்டு இம்பாலுக்கு ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். ஐந்து என்று போடு என்றேன்.