வகுப்பறை வாயிலில் பெறும் பெயர்
இரு நூல்களில் பாடசாலையும் தன்னடையாளமும்

ஒருவன் தான் யார் என்பதை முதன்முதல் அறிந்துகொள்ளும் இடம் வீடு என்பர். ஆயின், தான் பிறருக்கு யார் என்பதை அவன் அறிந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் பாடசாலையே ஆகும். வீட்டில் பிள்ளையாக இருந்தவன் அங்கு ஒரு சாதியினனாக, ஒரு மொழியினனாக, ஒரு மதத்தினனாக இனங்காணப்படுகின்றான். அவ்வாறு பிறர் இட்ட பெயரை ஏற்பதா, மறுப்பதா என்னும் வினாவிலிருந்தே இளமைப் பருவத்தின் தன்னடையாளம் உருப்பெறுகின்றது. இவ்வுண்மையை ஈழத்து வாழ்வினின்று எழுந்த இரு நூல்கள் கூர்மையாக உணர்த்துகின்றன. ஒன்று, டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' (1999). மற்றையது, ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபனி போய்' (1994) என்னும் நாவல். மொழியாலும் வகையாலும் வர்க்கப் பின்னணியாலும் வேறுபட்ட இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவதற்கு அவ்வினாவே அடிப்படையாகின்றது.

யாழ்ப்பாணத்தில் பாடசாலை என்னும் நிறுவனம் தொடக்கம் முதலே சமூகத்தை உருவாக்கும் கருவியாகக் கருதப்பட்டு வந்துள்ளது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியபோதும், ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோதும், எழுத்தறிவோடு சமயம் சார்ந்த ஓர் அடையாளத்தையும் இளைஞர்க்கு அளிப்பதே நோக்கமாயிருந்தது. ஆனால், எச்சமயத்தைக் கற்பிப்பது என்பதிற் போட்டி நிலவிய அளவுக்கு, யார் எங்கே அமர்வது என்பது பற்றிய கேள்வி எழவில்லை. 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது கிளம்பிய எதிர்ப்பும், சில பாடசாலைகள் தீக்கிரையானமையும் அக்கேள்வியின் கனத்தைக் காட்டின. வாங்கிலே கிடைக்கும் ஓரிடம் சமூகத்திலே கிடைக்கும் இடத்தின் முன்னறிவிப்பு என்பதை எதிர்த்தவர் நன்குணர்ந்திருந்தனர்.

1927இல் பிறந்த ஜீவா பாடசாலை சென்றது இப்போராட்டத்தின் சூடு தணியாத காலத்திலாகும். சட்டப்படி வாங்கில் அமரும் உரிமை அவருக்கு இருந்தது. எனினும், குலத்தொழிலைச் சுட்டி ஆசிரியர் ஒருவர் கூறிய இழிசொல் அவரைப் பாடசாலையை விட்டே வெளியேறச் செய்தது. அரச ஆணை ஒரு பிள்ளைக்கு ஆசனத்தைப் பெற்றுத் தரலாம். அவ்வாசனம் தனக்குரியது என்னும் உணர்வை ஆசிரியனும் சக மாணவருமே தரமுடியும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. சார்புணர்வு என்பது அனுமதிப் பதிவேட்டிற் பெயர் இடம்பெறுவதன்று. தன் பெயர் அழைக்கப்படும் தொனியில் அவமானம் இல்லாதிருப்பதே அதன் முதற்படியாகும்.

வெளியேற்றப்பட்ட சிறுவன் அடுத்து எங்கே சென்று சேர்ந்தான் என்பதே தன்வரலாற்றின் சிறப்பான பகுதி. எச்சலூனின் பெயரால் இகழப்பட்டாரோ அச்சலூனையே ஜீவா தமது சர்வகலாசாலையாகக் கொண்டார். அங்கு வந்த பத்திரிகைகளும் வாடிக்கையாளரின் உரையாடல்களும் அவருக்குப் பாடங்களாயின. பொதுவுடைமை இயக்கத்தின் தொடர்பு அவருக்கு ஒரு நோக்கை அளித்தது. முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1966இல் அவர் தொடக்கிய 'மல்லிகை' சஞ்சிகையும் அவருக்கு மட்டுமன்றி வேறு பலருக்கும் ஒரு புகலிடமாயின. தம்மேல் இடப்பட்ட பெயரை மறைத்து வேறொருவராக வாழ முயலாது, அப்பெயரின் பொருளை மாற்றியமைக்க முயன்றமையே அவரது வாழ்வின் சாரம் எனலாம்.

ஜீவாவின் தலைமுறைக்குச் சாதி செய்ததை அடுத்த தலைமுறைக்கு இனமும் மொழியும் செய்தன. 1945இல் இலவசக் கல்வி ஏற்பட்டதும், அக்காலந்தொட்டுத் தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக விரிந்ததும் பெரும் சனநாயகப் பேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலம் என்னும் மதிலுக்கு வெளியே நின்ற பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அவை வாயில் திறந்தன. ஆயினும், 1956இல் சிங்களம் மாத்திரம் அரச கரும மொழியாக்கப்பட்ட பின்னர், போதனாமொழி கல்விச் சாதனமாக மட்டும் நின்றுவிடவில்லை. எவ்வகுப்பில் இருக்கிறாய் என்பது எவ்வினத்தவன் என்பதற்கு மறுபெயராயிற்று. ஒரே கூரையின் கீழ் இரு வகுப்பறைகள். அவற்றிடையே பேச்சுக்குப் பொதுமொழி இல்லை.

'ஃபனி போய்' நாவலின் ஆர்ஜி இவ்வேற்பாட்டிற் பொருந்தாத ஒருவன். கொழும்பின் வசதிபடைத்த தமிழ்க் குடும்பத்தில் ஆங்கிலம் பேசி வளர்ந்த அவன், சிங்களமே எதிர்காலத்துக்குரிய மொழி என்னும் தந்தையின் கணிப்பாற் சிங்கள வகுப்பிற் சேர்க்கப்பட்டவன். புதிய பாடசாலையின் முதல் நாளிலேயே, தமிழ் வகுப்புக்குப் போ என்று சக மாணவன் சல்காதோ அவனைத் தடுக்கின்றான். தமிழர் சிங்களம் கற்கவேண்டும் என்று நீதானே கூறி வந்தாய் என ஷெஹான் என்னும் சிங்கள மாணவன் எதிர்க்கேள்வி எழுப்புகின்றான். ஒருமைப்பாட்டு முழக்கத்தின் முரண்பாடு முழுவதும் இச்சிறு உரையாடலில் அடங்கிவிடுகின்றது.

ஆனால், இனத்தை மட்டும் நாவல் நோக்கவில்லை. ஆர்ஜியை அப்பாடசாலையிற் சேர்ப்பதற்குத் தந்தை கூறும் காரணம், அஃது அவனை ஆண்மகனாக்கும் என்பதே. பாட்டி வீட்டு முற்றத்தில் ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட்டை விட்டுப் பெண்பிள்ளைகளோடு மணப்பெண் விளையாட்டில் மகிழ்ந்தவன் அவன். பின்னர் ஷெஹான்மீது காதல் கொள்பவனும் அவனே. ஆகவே, வகுப்பறை அவனைத் தமிழன் என்று விலக்குமுன்னரே, குடும்பம் அவனை விசித்திரமானவன் எனப் பெயரிட்டுவிடுகின்றது. அடக்குமுறை வெளியாரிடமிருந்து மட்டும் வருவதன்று என்பதை இந்நாவல் தயக்கமின்றிக் கூறுகின்றது.

அதன் உச்சக்கட்டமும் இவ்வகையில் நோக்கற்பாலது. பாடசாலையைச் சிங்கள பௌத்த நிறுவனமாக்க விரும்பும் உபஅதிபருக்கும், அதன் பல்லின மரபைப் பேண விரும்பும் அதிபருக்கும் இடையே போட்டி நிகழ்கின்றது. தமிழர் நலனுக்கு அதிபரே உகந்தவர் எனத் தந்தையும் தமிழ் ஆசிரியரும் கருதுகின்றனர். ஆனால் அவ்வதிபரோ ஷெஹானின் தலைமயிரை வெட்டி, அவனை முழந்தாளிட வைத்து, இடையறாது தண்டிப்பவர். பரிசளிப்பு விழாவில் ஆர்ஜி ஒப்புவிக்கவேண்டிய கவிதைகளோ, பாடசாலையையும் விளையாட்டு மைதானத்து வீரத்தையும் போற்றும் நியூபோல்ட்டின் ஆங்கிலக் கவிதைகள். ஆர்ஜி அவற்றை வேண்டுமென்றே குழப்பிக் கூறி அதிபரின் திட்டத்தைச் சிதைக்கின்றான். தன் இனத்துக்கு நன்மை எனப்படுவதை அவன் தன் அன்புக்குரியவனுக்காகத் துறக்கின்றான். சகிப்புத்தன்மையின் பெயரால் நிற்கும் நிறுவனமும் பிரம்பின் துணைகொண்டே நிற்குமாயின், அஃது இளைஞனுக்கு உரிய இடமாகாது என்பதே இச்செயலின் பொருள்.

இரு நூல்களுக்கும் வரையறைகள் உள. ஆர்ஜியின் மறுப்பு தனிமனித மறுப்பாகவே முடிகின்றது. 1983 இனவன்செயலின் பின் குடும்பம் கனடா செல்ல, நாவலும் அவ்வழியே செல்கின்றது. வெளியேறப் பணமும் வழியும் அற்ற தமிழ் மாணவனின் கேள்வி அங்கு எஞ்சிநிற்கின்றது. ஜீவாவின் நூல் கூட்டு விடுதலையைக் காட்டுகின்றது. எனினும் அது வென்றவரின் வரலாறு. அதே இழிசொல்லைக் கேட்டு வெளியேறி, ஒரு பத்திரிகையோ இயக்கமோ வாய்க்காமற் போன சிறுவர் எழுதிய தன்வரலாறுகள் நம்மிடம் இல்லை. சலூனும் கட்சிக் கூட்டமும் அக்காலத்திற் பெரும்பாலும் ஆடவர்க்குரிய வெளிகளாயிருந்தமையால், வெளியேற்றப்பட்ட பெண்பிள்ளைக்கு அத்தகைய மாற்றுச் சர்வகலாசாலை இருந்ததாகவும் கூறமுடியாது.

இவ்வரையறைகளோடும் இரு நூல்களும் ஒரு பொது உண்மையை நிறுவுகின்றன. பாடசாலை சமூகத்துக்கு வெளியே நிற்கும் தூய இடமன்று. சமூகத்திற் பரவிக் கிடக்கும் பிரிவுகளைத் திரட்டி, பிள்ளை தன்னைப் பற்றித் தானே கொள்ளும் எண்ணமாக மாற்றும் இடம் அது. அதனாலேயே அப்பிரிவுகளை எதிர்க்கத்தக்க முதற்களமும் அதுவாகின்றது. மொழிவாரியாகப் பிரிந்த வகுப்புகள் நாட்டில் இன்றும் உள்ளன. அவற்றினின்று வந்தோர் பல்கலைக்கழக மண்டபங்களில் அருகருகே அமர்கின்றனர். அருகருகே அமர்வதால் மட்டும் சார்புணர்வு பிறந்துவிடாது என்பதைச் சம ஆசன வரலாறு கற்பித்துள்ளது. புதிதாக வருபவனை நோக்கி, நீ எவ்வகுப்புக்குரியவன் என்று கேட்பவர் எத்தனை பேர், அக்கேள்வியை ஷெஹானைப் போல் இடைமறிப்பவர் எத்தனை பேர் என்பதே ஒரு கல்விக்கூடத்தின் தரத்தை அளக்கும் உரைகல்லாகும்.